கறுப்புப் பையில் வந்த கடன்



பதவியில் இருந்தபோது லஞ்சம் வாங்கிச் சிறைக்குப் போன அமைச்சர் ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், நம்மூர்ப் பெயர் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்துச் சிலர் வந்திருக்கலாம். அவர்களுக்கு ஏமாற்றம்தான். நம்மூர் வழக்கைப் பேசினால் பாதிப் பேர் சாட்சியத்தைக் கேட்பதில்லை, எந்தக் கட்சி என்றுதான் கேட்கிறார்கள். அதனால் நூறாண்டு பின்னே, கடல் கடந்து போகிறேன். ஆள் அமெரிக்கர். பெயர் ஆல்பர்ட் பேக்கன் ஃபால். பதவிக்காலத்தில் செய்த குற்றத்துக்காகச் சிறைக்குள் போன முதல் அமெரிக்க மத்திய அமைச்சர். ஜனாதிபதி ஹார்டிங்கின் அமைச்சரவையில் 1921 மார்ச் முதல் 1923 மார்ச் வரை, சரியாக இரண்டே ஆண்டு இருந்தார். அந்த இரண்டு ஆண்டில் நடந்ததை விசாரித்து முடிக்க அந்த நாட்டுக்கு ஏழெட்டு ஆண்டு ஆயிற்று.

அவர் வகித்தது உள்துறை. உள்துறை என்றால் நமக்குப் போலீஸ் ஞாபகம் வரும். அங்கே அப்படியில்லை. அரசுப் புறம்போக்கு நிலம், கனிமம், தேசியப் பூங்கா, பூர்வகுடி மக்களின் நிலம் எல்லாம் அந்தத் துறையின் கீழ் வரும். மேற்கு மாநிலங்களில் பாதிக்கு மேல் அரசு நிலமாகவே கிடந்த இடங்கள் உண்டு. அந்தத் துறைக்கு யார் அமைச்சர் என்பது சுரங்கக்காரனுக்கும் மாட்டுப் பண்ணைக்காரனுக்கும் எண்ணெய்க்காரனுக்கும் வாழ்வா சாவா என்கிற விஷயம்.

ஃபால் பிறந்தது 1861இல், கென்டக்கி மாநிலத்தில். சிறு வயதிலேயே பருத்தி ஆலையில் வேலை பார்த்தவர். நுரையீரல் நோவு இருந்ததால் வறண்ட காற்றைத் தேடி மேற்கே போனார். டெக்சஸ், மெக்சிகோ, கடைசியில் நியூ மெக்சிகோ. அங்கே கிங்ஸ்டன் என்ற சுரங்க ஊரில் வெள்ளி தேடிய காலத்தில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அவரும் கையில் காசில்லாமல் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தவர்தான். பெயர் எட்வர்டு டொஹெனி. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள். கதை முழுக்க வருவார். வெள்ளி இருவருக்கும் பெரிதாகக் கை கொடுக்கவில்லை. டொஹெனி கலிபோர்னியா போய் 1892இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குள்ளேயே எண்ணெய் எடுத்தார், பிறகு மெக்சிகோவில் எடுத்தார், அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். ஃபால் சட்டம் படித்து வக்கீலானார்.

சாதாரண வக்கீல் அல்ல. பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்டுக்கொன்ற பாட் காரெட் என்ற ஷெரிஃப் பிற்காலத்தில் கொலையுண்டபோது, அந்தக் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாதாடி விடுதலை வாங்கித் தந்தவர் ஃபால். அதற்கும் முன்னால், தன்னுடைய அரசியல் எதிரியான ஃபவுன்டன் என்பவர் மகனோடு பாலைவனத்தில் காணாமல் போன வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வாதாடி வென்றவர். இடுப்பில் துப்பாக்கியும் கையில் சட்டப் புத்தகமுமாக வாழ்ந்த தலைமுறை அது. நியூ மெக்சிகோ மாநிலத் தகுதி பெறாத பிரதேசமாக இருந்தபோது அங்கே நீதிபதியாகவும் இருந்திருக்கிறார். ஜனநாயகக் கட்சியில் தொடங்கி, காற்று திரும்பியதும் குடியரசுக் கட்சிக்கு மாறினார். 1912இல் அது மாநிலமானதும் அதன் முதல் இரண்டு செனட்டர்களில் ஒருவரானார்.

செனட்டில் பக்கத்து நாற்காலி நட்புதான் அவருக்கு அமைச்சர் பதவி தந்தது. ஹார்டிங்கும் செனட்டராக இருந்தவர். இருவரும் சீட்டாட்டக் கூட்டாளிகள். 1921இல் ஹார்டிங் ஃபாலின் பெயரை அறிவித்தபோது, செனட் சபை அதைக் குழுவுக்குக்கூட அனுப்பவில்லை. நம்ம ஆள் என்று கைதட்டி அனுப்பிவைத்தது. விசாரிக்க வேண்டிய சபையே விசாரிக்காமல் விட்ட அந்த ஒரு பிற்பகலுக்காக, பின்னால் அதே சபை பல வருஷம் உழைக்க வேண்டியதாயிற்று.

அப்போது ஃபாலின் சொந்தக் கணக்கு எப்படி இருந்தது? நியூ மெக்சிகோவில் டுலரோசா பள்ளத்தாக்கில் த்ரீ ரிவர்ஸ் என்ற பெரிய பண்ணை அவருக்கு. மைல் கணக்கில் நிலம், நிறைய மாடு, நிறையக் கடன். பத்து வருஷ வரி பாக்கி. 1918இல் பரவிய விஷக்காய்ச்சலில் ஒரே வாரத்துக்குள் ஒரு மகனும் ஒரு மகளும் இறந்துபோனார்கள். அமைச்சருக்கு ஆண்டுச் சம்பளம் 12,000 டாலர். பண்ணைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மேலே இருந்து வரும் ஓடையின் தண்ணீர் பக்கத்துப் பண்ணையின் பிடியில் இருந்தது. அந்தப் பண்ணை விலைக்கு வந்தது. நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தண்ணீர் உள்ள பக்கத்து நிலம் விலைக்கு வரும்போது மனிதன் என்னென்ன நினைப்பான் என்று.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய காலம் அது. யுத்தம் வந்து எண்ணெய் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று, சில எண்ணெய் நிலங்களைத் தோண்டாமல் கடற்படைக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். கலிபோர்னியாவில் எல்க் ஹில்ஸ், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, இரண்டும் 1912இல். வயோமிங் மாநிலத்தில் டீபாட் டோம் 1915இல். தேநீர்க் கெண்டி போன்ற பாறை ஒன்று அங்கே நின்றதால் அந்தப் பெயர். ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஏக்கர் வெற்றுப் புல்வெளி. அந்தப் பெயர்தான் அரை நூற்றாண்டுக்கு, வாட்டர்கேட் விவகாரம் வரும்வரைக்கும், அமெரிக்காவில் ஊழல் என்றாலே நினைவுக்கு வரும் பெயராக இருந்தது.

ஃபால் பதவியேற்று மூன்று மாதம்கூட முடியவில்லை. 1921 மே 31ஆம் தேதி ஹார்டிங் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போடுகிறார்: கடற்படையின் எண்ணெய் நிலங்களை நிர்வகிக்கும் பொறுப்பு உள்துறைக்குப் போகிறது. கடற்படை அமைச்சர் டென்பி இதற்கு மறுப்பே சொல்லவில்லை. அவர் காசு வாங்கியதாக யாரும் சொன்னதில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுகிற நல்ல மனிதர். ஒரு ஊழலுக்கு ஒரு கெட்டவன் போதாது, பக்கத்து அறையில் இப்படி ஒரு நல்லவரும் வேண்டும்.

அடுத்த வருஷம், 1922 ஏப்ரல் 7ஆம் தேதி, டீபாட் டோம் முழுவதும் ஹாரி சிங்க்ளேர் என்ற எண்ணெய் அதிபருக்குக் குத்தகைக்குப் போனது. டெண்டர் இல்லை. ஏலம் இல்லை. அறிவிப்பும் இல்லை. அதே மாதமே எல்க் ஹில்ஸ் பக்கம் முதல் ஒப்பந்தம், டிசம்பரில் எல்க் ஹில்ஸ் முழுவதும். குத்தகைதாரர் யார்? பழைய நண்பர் டொஹெனி.

ஃபால் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் அவர் வெறும் திருடனாகத் தெரிவார். பூமிக்கடியில் எண்ணெய் வேலி பார்த்து நிற்பதில்லை. பக்கத்து நிலத்துக்காரன் கிணறு போட்டால் நம் நிலத்து எண்ணெயும் அவன் பக்கம் போகும். கிணற்றுப் பாசனம் தெரிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே நாமே எடுத்துவிடுவோம், எடுத்ததில் அரசுக்கு உரிய பங்குக்குப் பதிலாகக் கம்பெனிகளே எண்ணெய்த் தொட்டிகள் கட்டித் தரட்டும், பேர்ள் ஹார்பர் துறைமுகத்தில் கட்டட்டும் என்றார். ஜப்பான் பயம் அப்போதே இருந்தது. ராணுவ ரகசியம், அதனால்தான் ஏலம் விடவில்லை என்றார். எல்க் ஹில்ஸைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் உண்மை இருந்தது என்றே நான் நினைக்கிறேன். அது ஒன்றும் அவருக்கு உதவவில்லை. நல்ல காரணம் கையில் இருக்கும்போது எதற்கு இருட்டில் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

இடையில் ஒரு கூத்து. டீபாட் டோமில் தங்களுக்கும் பழைய உரிமை உண்டென்று ஒரு சிறு கம்பெனி உள்ளே புகுந்து துளை போட ஆரம்பித்தது. அதன் பின்னணியில் இருந்தவர் ஹார்டிங்கின் ஆதரவாளர். நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம். ஃபால் கடற்படை வீரர்களை வரவழைத்தார். கடலே இல்லாத வயோமிங்குக்குக் கடற்படையின் கேப்டன் ஒருவரும் நான்கு வீரர்களும் ரயிலேறிப் போய், ஆட்களை வெளியேற்றிவிட்டு வந்தார்கள். தனியார் குத்தகையைக் காக்க நாட்டின் படை.

சங்கதி வெளியே எப்படி வந்தது? குத்தகை கிடைக்காத எண்ணெய்க்காரர்கள் புகைந்தார்கள். வயோமிங் செனட்டருக்கு ஊரிலிருந்து கடிதங்கள் வந்தன. ஏப்ரல் 14ஆம் தேதி வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தி போட்டது. ஃபால் காடுகளையும் தன் துறைக்கு இழுக்கப் பார்த்ததால் ஏற்கெனவே கோபத்தில் இருந்த வனப் பாதுகாப்பு ஆட்கள் செனட்டர் லா ஃபாலெட்டிடம் போனார்கள். அவர் கொண்டுவந்த தீர்மானத்தின்படி விசாரணைக்குச் செனட் ஒப்புக்கொண்டது. ஃபால் ஒரு லாரி நிறையக் காகிதங்களை அனுப்பிவைத்தார். அதுவும் ஒரு தந்திரம்: கேட்டதற்கு மேல் கொடுத்துவிட்டால் யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள்?

படித்தார் ஒருவர். மான்டானா மாநிலத்துச் செனட்டர் தாமஸ் வால்ஷ். சுரங்க வழக்கும் தண்ணீர் வழக்கும் நடத்திப் பழகிய வக்கீல். சிரிக்காத மனிதர். ஒன்றரை வருஷம் அந்தக் காகிதங்களோடு உட்கார்ந்தார். 1923 அக்டோபரில் விசாரணை தொடங்கியபோது ஃபால் பதவி விலகிப் போயிருந்தார், ஹார்டிங் இறந்தே போயிருந்தார். முதல் சில வாரங்கள் வால்ஷுக்குத் தோல்விதான். நிலவியல் நிபுணர்கள் வந்து, ஆமாம், எண்ணெய் பக்கத்துக்கு ஒழுகத்தான் செய்கிறது என்றார்கள். பத்திரிகைக்காரர்கள் எழுந்து போனார்கள். குழுவிலும் பாதிப் பேர் வருவதில்லை.

திருப்பம் சட்டத்திலிருந்தோ எண்ணெயிலிருந்தோ வரவில்லை. பண்ணை வாசலில் இருந்து வந்தது. கார்ல் மகீ என்று நியூ மெக்சிகோவில் ஒரு பத்திரிகை ஆசிரியர். நவம்பர் 30ஆம் தேதி சாட்சி சொல்ல வந்தார். 1920இல் ஃபாலே தன்னிடம் கையில் காசில்லை என்று சொன்னார். இப்போது போய்ப் பார்த்தால் த்ரீ ரிவர்ஸில் புதுச் சாலை, புது வாசல் தூண், மின்சார வசதி. பத்து வருஷ வரி பாக்கி ஒரே தடவையில் கட்டப்பட்டிருக்கிறது என்றார். தாலுகா ஆபீஸ் பேரேட்டில் இருக்கிற விஷயம். அதுவரை வாஷிங்டனில் நிபுணர்கள் பூமிக்கடியில் தேடிக்கொண்டிருந்தது, பூமிக்கு மேலே எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தது. இந்த மகீதான் பிறகு ஓக்லஹோமா போய், தெருவில் கார் நிறுத்தக் காசு போடும் பார்க்கிங் மீட்டரைக் கண்டுபிடித்தவர். 1935இல் முதல் மீட்டர் அங்கே நட்டார்கள். அமைச்சரின் கணக்கைப் பார்த்த கண், கார்க்காரனையும் விடவில்லை.

பத்திரிகை என்றால் எல்லாம் மகீ என்று எண்ணிவிடாதீர்கள். டென்வரில் ஒரு பெரிய நாளிதழ் முதலில் சிங்க்ளேரைக் கிழி கிழி என்று கிழித்தது. ஒரு நாள் சட்டென்று நின்றுபோனது. அதன் உரிமையாளர்களுக்கும் இந்த எண்ணெயில் ஒரு பழைய பாத்தியதை உண்டென்று ஏற்பாடாகி, பெருந்தொகைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார் சிங்க்ளேர்.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது ஃபால் ஒரு பெயர் சொன்னார்: வாஷிங்டன் போஸ்ட் உரிமையாளர் மெக்லீன் 1,00,000 டாலர் கடன் கொடுத்தார். மெக்லீன் புளோரிடாவில் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். நேரில் வர முடியாது என்றார். நீங்கள் வர வேண்டாம், நான் வருகிறேன் என்று வால்ஷ் ரயிலேறிப் பாம் பீச்சுக்கே போய்விட்டார். 1924 ஜனவரி 11. மெக்லீன் ஒப்புக்கொண்டார்: செக் கொடுத்தது உண்மை, ஆனால் ஃபால் அவற்றை மாற்றாமலே திருப்பித் தந்துவிட்டார். அன்றைக்கே ஃபாலின் கதை முடிந்தது என்று சொல்லலாம். வாங்கிய பணத்தைவிட, பணம் வந்த வழிக்குச் சொன்ன பொய்தான் அவரைக் கவிழ்த்தது.

பத்து நாளில் இன்னொரு சாட்சி. சிங்க்ளேரின் கம்பெனியில் வேலை பார்த்த ஆர்ச்சி ரூஸ்வெல்ட், முன்னாள் ஜனாதிபதியின் மகன். ஃபாலின் பண்ணை மேற்பார்வையாளருக்கு 68,000 டாலர் போனதாகச் சிங்க்ளேரின் காரியதரிசி தன்னிடம் சொன்னார் என்றார். காரியதரிசியைக் கூப்பிட்டால், ஐயோ, நான் சொன்னது 'சிக்ஸ் ஆர் எய்ட் கவ்ஸ்', ஆறோ எட்டோ மாடு. இவர் காதில் 'சிக்ஸ்டி எய்ட் தௌஸ்' என்று விழுந்துவிட்டது என்கிறார். சபையே சிரித்தது. ஆனால் மாடு போனது உண்மைதான். சிங்க்ளேர் த்ரீ ரிவர்ஸுக்குக் கிடாரிகள், ஒரு காளை, பன்றிகள், ஒரு குதிரை எல்லாம் அனுப்பியிருந்தார்.

ஜனவரி 24ஆம் தேதி டொஹெனி தானாகவே வந்து சாட்சிக் கூண்டில் ஏறினார். அந்த 1,00,000 டாலர் நான் கொடுத்தது என்றார். 1921 நவம்பர் 30ஆம் தேதி, தன் மகன் நெட் டொஹெனி கையில் ஒரு சின்னக் கறுப்புப் பையில் ரொக்கமாகக் கொடுத்தனுப்பியதாகவும், வாஷிங்டனில் வார்ட்மன் பார்க் ஹோட்டலில் ஃபாலின் அறையில் ஒப்படைத்ததாகவும் சொன்னார். லஞ்சம் அல்ல, கடன். வெள்ளி தேடிய காலத்து நண்பன் கஷ்டத்தில் இருந்தான், கொடுத்தேன். புரோநோட்டு இருக்கிறதா? இருக்கிறது என்று காட்டினார். அதில் ஃபாலின் கையெழுத்து இருந்த பகுதி கிழிக்கப்பட்டிருந்தது! ஏன்? நான் திடீரென்று செத்துப்போனால், என் சொத்தை நிர்வகிக்கிறவர்கள் கடனைக் கேட்டு நண்பனை நெருக்கக் கூடாதே என்று கிழித்து, அந்தத் துண்டை என் மனைவியிடம் கொடுத்து வைத்தேன் என்றார். எல்க் ஹில்ஸில் எவ்வளவு லாபம் வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பத்துக் கோடி டாலர் என்று அவரே சொல்லியிருந்தார். லட்சம் கொடுத்துப் பத்துக் கோடி.

அடுத்த வாரமே டொஹெனி இன்னொரு குண்டு போட்டார். முன்னாள் அமைச்சர்கள் பலருக்கு நான் சம்பளம் கொடுத்திருக்கிறேன் என்றார். அதில் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் அடுத்த வேட்பாளர் என்று பேசப்பட்ட மெக்காடூவும் ஒருவர். வக்கீல் கட்டணம்தான், சட்டப்படி தப்பில்லை. ஆனால் அந்த வருஷம் அவர் வேட்பாளர் ஆக முடியவில்லை. தேர்தலில், ஹார்டிங் இறந்ததும் ஜனாதிபதியாகியிருந்த ஆளுங்கட்சியின் கூலிட்ஜ் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஊழல் வெளிப்பட்டால் ஆட்சி கவிழும் என்று நம்புகிறவர்கள் இந்த 1924 தேர்தலைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம்.

கூலிட்ஜ் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. தன் நீதித்துறை அமைச்சரை நம்பாமல், கட்சிக்கு ஒருவராக இரண்டு தனி வழக்கறிஞர்களை நியமித்தார்: அட்லீ பாமரீன், ஓவன் ராபர்ட்ஸ். ராபர்ட்ஸ் பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதியானார். சிங்க்ளேர் பக்கத்துப் பணத்தைத் துப்புத் துலக்கியதில் அவர் பங்கு பெரிது. சிங்க்ளேரும் வேறு சில எண்ணெய் முதலாளிகளும் கனடாவில் பெயருக்கு ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார்கள். அது எண்ணெயைப் பீப்பாய் 1.50 டாலருக்கு வாங்கி, அவர்களுடைய சொந்தக் கம்பெனிகளுக்கே 1.75க்கு விற்கும். கால் டாலர் வித்தியாசம் பங்குதாரர்களுக்குத் தெரியாமல் இவர்கள் பைக்கு. அந்த லாபத்தில் வாங்கிய அரசுப் பத்திரங்களில் 2,33,000 டாலர் மதிப்புள்ளவை ஃபாலின் மருமகன் கைக்கு வந்திருந்தன. ரொக்கத்துக்கு முகம் கிடையாது; பத்திரத்துக்கு எண் உண்டு. அந்த எண்களைப் பிடித்துக்கொண்டே வங்கி வங்கியாகப் போய் ஃபாலின் வீட்டு வாசலில் நின்றார்கள்.

சிவில் வழக்குகளில் அரசுக்கு முழு வெற்றி. வழியில் வயோமிங் நீதிபதி ஒருவர் 1925இல் டீபாட் டோம் குத்தகை செல்லும் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது தள்ளுபடியானது. 1927இல் உச்ச நீதிமன்றம் இரண்டு குத்தகைகளையும் ரத்து செய்தது. டொஹெனி பேர்ள் ஹார்பரில் கட்டிய தொட்டிகளுக்குக்கூடப் பணம் திருப்பித் தரத் தேவையில்லை என்றது.

கிரிமினல் வழக்குகள் அப்படி இல்லை. சதி வழக்கில் 1926 டிசம்பரில் ஃபாலும் டொஹெனியும் விடுதலை. ஜப்பான் பயம், தேசப்பற்று, நட்பு என்று ஜூரியை உருக்கினார்கள். ஃபாலும் சிங்க்ளேரும் சேர்ந்த வழக்கில், ஜூரிகளைப் பின்தொடரச் சிங்க்ளேர் துப்பறியும் ஆட்களை ஏவியது அம்பலமாகி விசாரணையே ரத்தானது. மறுவிசாரணையில் சிங்க்ளேர் விடுதலை. ஆனாலும் செனட்டில் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்ததற்கும் ஜூரிக்குப் பின்னால் ஆள் வைத்ததற்கும் 1929இல் ஆறு மாதத்துக்குச் சற்று அதிகமாக உள்ளே இருந்தார். சின்ன வயதில் மருந்துக்கடைப் படிப்பு படித்தவர் என்பதால் சிறை மருந்தகத்தில் வேலை. கோடீசுவரன் கைதிகளுக்கு மருந்து கலக்கினான்.

1929 பிப்ரவரியில் நெட் டொஹெனி, தந்தை கட்டித் தந்த புது மாளிகையில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார். பக்கத்தில் அவருடைய காரியதரிசியும் பிணமாகக் கிடந்தார். காரியதரிசி நெட்டைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டார் என்று அதிகாரிகள் சொன்னார்கள். கறுப்புப் பையைக் கொண்டுபோன அன்று நெட்டோடு கூடப் போனவர் அந்தக் காரியதரிசிதான். வழக்கின் மிக முக்கியமான இரண்டு சாட்சிகள் ஒரே இரவில் போனார்கள். இதைப் பற்றி லாஸ் ஏஞ்சலஸில் இன்றைக்கும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எதற்கும் ஆதாரம் கிடையாது, நான் அதற்குள் போகப்போவதில்லை.

1929 அக்டோபரில் ஃபால் மீது லஞ்சம் வாங்கிய வழக்கு. 68 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலி, கம்பளி, பக்கத்தில் டாக்டர், நர்ஸ். அக்டோபர் 25ஆம் தேதி தீர்ப்பு: குற்றவாளி, இரக்கம் காட்டும்படி ஜூரியின் பரிந்துரை. அதற்கு முந்தின நாள்தான் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. இன்னொரு சமயமாக இருந்தால் வாரக்கணக்கில் பேசியிருப்பார்கள். அன்று ஆளாளுக்கு அவரவர் பணம் போன கவலை. நவம்பர் 1ஆம் தேதி தண்டனை: ஓராண்டுச் சிறை, 1,00,000 டாலர் அபராதம். வாங்கியதாகச் சொன்ன தொகை எவ்வளவோ அவ்வளவு அபராதம்.

ஐந்து மாதம் கழித்து, 1930 மார்ச்சில், அதே நகரத்து நீதிமன்றத்தில் டொஹெனி மீது வழக்கு. அதே பணம். அதே பை. அதே ஹோட்டல் அறை. அதே தேதி. குற்றச்சாட்டு மட்டும் லஞ்சம் கொடுத்தது. ஜூரி சொன்ன தீர்ப்பு: குற்றவாளி அல்ல.

ஃபால் வாங்கியது லஞ்சம். டொஹெனி கொடுத்தது லஞ்சம் அல்ல. சட்டம் தெரிந்தவர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள். வாங்கியவன் மனத்தில் என்ன எண்ணம், கொடுத்தவன் மனத்தில் என்ன எண்ணம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்; இரண்டு ஜூரியும் வேறு வேறு ஆட்கள்; ஒன்றின் முடிவு மற்றதைக் கட்டுப்படுத்தாது. எல்லாம் சரி. சட்டப்படி அந்த இரண்டு தீர்ப்பும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. ஆனால் இரண்டு ஜூரிகளும் பார்த்த காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒன்றின் முன்னால் அரசின் நம்பிக்கையை விற்ற அமைச்சன். மற்றதன் முன்னால் ஒரே மகனைப் பறிகொடுத்த கிழவர், நண்பனுக்குக் கடன் கொடுத்த புண்ணியவான், சர்ச்சுகளுக்கு வாரி வழங்கியவர். பணக்காரன் கொடுப்பதை ஊர் எப்போதுமே கொடை என்றுதான் பார்க்கிறது. கை நீட்டியவன்தான் கண்ணில் படுகிறான். ஃபாலை நான் நியாயப்படுத்தவில்லை. அவர் வாங்கினார், பொய் சொன்னார், அவருக்குக் கிடைத்தது நியாயமான தண்டனை. அந்தத் தண்டனை ஒருவருக்கு மட்டும் கிடைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. லஞ்சத்துக்கு இரண்டு நுனி உண்டு, அமெரிக்க நீதி ஒரு நுனியைத்தான் பிடித்தது.

இந்த வழக்குகளால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. நாடாளுமன்றக் குழு சாட்சிகளை அழைத்துக் கட்டாயம் பதில் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது இந்தக் காலத்து வழக்குகளில்தான். யாருடைய வருமான வரிக் கணக்கையும் கேட்டு வாங்கும் அதிகாரத்தை வரிக் குழுக்களுக்குத் தந்த சட்டம் 1924இல் வந்தது. 2019இல் ஜனாதிபதி டிரம்ப்பின் வரிக் கணக்கைக் கேட்டபோது பிரதிநிதிகள் சபைக் குழு காட்டியது அந்தச் சட்டத்தின் வழிவந்த பிரிவைத்தான். வால்ஷின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1933இல், ஜனாதிபதியாகத் தேர்வாகியிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவரை நீதித்துறை அமைச்சராகத் தேர்ந்தெடுத்தார். பதவியேற்க வாஷிங்டன் போகும் வழியில் ரயிலிலேயே இறந்துபோனார். இத்தனை பேரைச் சிறைக்கும் கல்லறைக்கும் அனுப்பிய எண்ணெய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், எல்க் ஹில்ஸ் 1998இல் 365 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. டீபாட் டோம் 2015இல் வெறும் 4.5 கோடி டாலருக்கு. அங்கே சிங்க்ளேர் கனவு கண்ட அளவு எண்ணெய் இருக்கவே இல்லை.

ஃபாலிடம் திரும்புவோம். மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்து 1931 ஜூலையில் ஆம்புலன்சில் படுத்தபடி சான்டா ஃபே சிறைக்குள் போனார். பெரும்பாலும் சிறை மருத்துவமனையிலேயே கழித்தார். ஒன்பது மாதம் சொச்சத்தில், 1932 மே மாதம் வெளியே வந்தார். த்ரீ ரிவர்ஸுக்குத் திரும்பினார். சாகும்வரை ஒரே பேச்சுத்தான் பேசினார்: நான் வாங்கியது லஞ்சம் அல்ல, கடன்.

அவர் பேச்சை ஒப்புக்கொண்டவர்களும் கடைசியில் இருந்தார்கள். 1930களின் நடுவில் டொஹெனியின் நிறுவனம் அந்தக் கடனைக் காட்டி, கட்டவில்லை என்று சொல்லி, பண்ணையைக் கைப்பற்றியது. நான் செத்தால் நண்பனை யாரும் நெருக்கக் கூடாது என்று கையெழுத்தைக் கிழித்து வைத்ததாகச் சொன்ன அதே டொஹெனியின் நிறுவனம்தான். டொஹெனி 1935 செப்டம்பரில் இறந்தார். ஃபாலும் மனைவி எம்மாவும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. எல் பாசோ நகரத்துக்குப் போனார்கள். எம்மா 1943இல் இறந்தார். ஃபால் 1944 நவம்பர் 30ஆம் தேதி இறந்தார். கறுப்புப் பை ஹோட்டல் அறைக்கு வந்த அதே தேதி, 23 வருஷம் கழித்து.

அரசு விதித்த அபராதம் 1,00,000 டாலரைக் கடைசி வரைக்கும் அவர் கட்டவில்லை, கட்ட அவரிடம் எதுவும் இல்லை. டொஹெனி கொடுத்த 1,00,000 டாலர் மட்டும் வசூலாகிவிட்டது.